உள்சுவருக்கு எதற்கு அனுமதி

ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். சம்மட்டியைச் சுவரிலேயே சாய்த்து வைத்துவிட்டு, பழனியாண்டி மேஸ்திரி முன்னால் போக மற்றவர்கள் பின்னால் படியிறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடியாது, மேலே தூளி ஆடுகிற சத்தம் இருந்தது. கொக்கியில் கயிறு உரசி ஒரு கிரீச், கொஞ்சம் பொறுத்து இன்னொரு கிரீச். மேல்வீட்டு ஜைத்தூனின் பேரப்பிள்ளை, மகள் ரிஸ்வானாவின் குழந்தை. பிறந்து நாற்பது நாள் இன்னும் கழியவில்லை. அந்தத் தூளிக்கு நேர் கீழே, தன் வீட்டு ஹாலில், குழலி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சுவரில் விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை என்று சொன்னால் போதாது, ஆள் குனிந்து நுழையலாம். ஹாலில் உட்கார்ந்தபடியே உள்ளறையில் தன் கட்டிலும் தலையணையும் தெரிவது, நாலு பேர் நடுவில் மாராப்பு விலகினது போலக் கூச்சமாக இருந்தது. நாக்கெல்லாம் சுண்ணாம்பு. சோறு வடித்து வைத்திருக்கிறது, போட்டுச் சாப்பிடலாம், ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. உடைந்த இடத்தில் சுவரின் கனம் வெளியே தெரிந்தது. அதைத்தான் அவள் காலையிலிருந்து பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ட்டிஷன் சுவர்மா, பிஸ்கட் மாதிரி, ஒரு தட்டுத் தட்டினா உதிர்ந்துடும் என்றான் மகன் லிங்கம். காலையிலிருந்து தட்டுகிறார்கள், பழனியாண்டி இரண்டு தரம் சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டார். பிஸ்கட் இப்படியா இருக்கும்? வாசல் கதவு பதித்திருக்கிறதே வெளிச்சுவர், அதே கனம். அதன் தங்கச்சி மாதிரி இருக்கிறது. ஆனால் லிங்கம் படித்தவன். படித்தவன் சொன்னால் சுவர்கூட ஒல்லியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, நான் ஒரு மடச்சி.

உள்சுவருக்கு எதற்கு அனுமதி என்றுதான் அவன் அன்றைக்கும் கேட்டான். கேட்டது அவளிடம் இல்லை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கனகசபையிடம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மழை வந்தாலும் மாலைநடை விடாதவர், நெற்றியில் சந்தனம் காயாது. விஷயம் காதில் விழுந்து தானாகவே வந்து நின்றார். "தம்பி, வெள்ளையடிக்கணுமா, டைல்ஸ் மாத்தணுமா, அலமாரி வைக்கணுமா, தாராளமா பண்ணுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. சுவரு அப்படியில்ல. இது பழைய கட்டடம், பில்லரே கிடையாது. சுவருதான் மாடியைத் தாங்குது. ஒரு எஞ்சினியரைக் கூட்டியாந்து காட்டி, மாநகராட்சியில கேட்டு, அப்புறம் கை வைங்க." லிங்கம் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் அப்பாவுடையது, எதிரில் நிற்கிறவரைச் சின்னப்பிள்ளை ஆக்கிவிடும். "சார், வெளியில ஒரு செங்கல் மாறுதா? ரோட்டுல நின்னு பாத்தா ஏதாவது தெரியுதா? என் வீட்டுக்குள்ள நான் கட்டில் எங்க போடணும்னு மாநகராட்சியைக் கேப்பேனா? கேட்டா அவன் வருஷக்கணக்கா இழுப்பான்." கனகசபை விடவில்லை. கட்டில் வேற, சுவர் வேற தம்பி என்றார். அப்போதுதான் லிங்கம் அதைச் சொன்னான். "அம்மா சாமிகிட்டயே கேட்டாச்சு சார். பூப்போட்டுப் பாத்து வெள்ளை வந்துடுச்சு. இதுக்கு மேல எந்த ஆபீஸ்ல போய் அப்ரூவல் வாங்கச் சொல்றீங்க?" விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவனுக்குச் சாமியும் கிடையாது பூவும் கிடையாது, பரீட்சைக்குப் போகும்போதுகூட விபூதியை வாசல் தாண்டித் துடைத்துக்கொண்ட பிள்ளை. ஆனால் கனகசபை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முகம் மாறிவிட்டது. குழலியைப் பார்த்து, நெஜமாம்மா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "வெள்ளையா?" வெள்ளைதான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உத்தரவே ஆயிடுச்சுன்னா நான் யாரு குறுக்கே நிக்க என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். கடுகளவு சந்தேகம்கூட இல்லை அவருக்கு. அந்த நேரத்தில் அவள் உடம்பு பூரித்துப் போனது. தன் பேச்சுக்கு ஒரு ஆண்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். தன் சாமிக்கு. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு இனிப்பாக இருந்தது.

பூப்போட்டுப் பார்க்கச் சொன்னதும் அவன்தான். நீ மனசுல எதையோ போட்டு உழப்பிக்கிட்டே இருக்கம்மா, உன் வழியிலயே போவோம், உன் சாமியைக் கேளு. எவ்வளவு மரியாதையாகச் சொன்னான். அம்மா எந்தக் கதவைத் தட்டினால் திறப்பாள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். சம்மதத்துக்கு வெள்ளை நந்தியாவட்டை, மறுப்புக்குச் சிவப்பு அரளி, ஒவ்வொன்றையும் வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றி விளக்குக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடி, தாயுமானவா நீயே சொல்லு என்று அவளேதான் எடுத்தாள். மருமகள் யாமினி செல்போனை இறக்கி வைத்துவிட்டு மரியாதையாக நின்றாள். பிரித்தால் வெள்ளை. லிங்கம் கைதட்டினான். எல்லாம் சரி. ஆனால் விரல் இருக்கிறதே. நாற்பது வருஷமாகப் பூத்தொடுக்கிற விரல். அரளிக்காம்பு அழுத்தினால் வளையாது, நந்தியாவட்டை துணி மாதிரி மசிந்து போகும். இலைக்கு மேலே தொட்டாலும் விரலுக்குத் தெரியாதா? கண்ணை மூடினேன், விரலை மூடினேனா? முதலில் கை ஒன்றின் மேல் போனது, அப்புறம் நகர்ந்து மற்றதை எடுத்தது. ஏன் நகர்ந்தது? சாமி நகர்த்தியது என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த முதல் பொட்டலம் கொஞ்சம் விறைப்பாக இருந்ததா? இருந்தது போலத்தான் இருக்கிறது. இல்லை, இப்போது பயத்தில் அப்படித் தோன்றுகிறது. இருந்ததா, இல்லையா? சரி, அது கிடக்கட்டும், விரலை விடு. என்ன கேட்டாய்? அதைச் சொல்லு. சுவரை இடிக்கலாமா என்று கேட்டேன். பொய். சாமி முன்னால் நின்றபோது நெஞ்சுக்குள் ஓடினது அது இல்லை. லிங்கம் வந்துடுவானா, இங்கேயே இருந்துடுவானா என்றுதான் ஓடியது. அதற்குத்தான் வெள்ளை. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே இருக்கிறவர்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர்கள் தொழுகிறவர்கள், அவர்கள் தலைக்கு மேல் இருக்கிற கூரைக்கும் காலுக்குக் கீழ் இருக்கிற தரைக்கும் அவர்கள் வேறொரு வாசலில் போய்க் கேட்டுக்கொள்கிறவர்கள். அந்தத் தரையை என் விளக்கு முன்னால் வைத்து நான் பூப்போட்டேன். யார் வீட்டுச் சொத்தை யார் ஏலம் போடுவது.

நமச்சிவாய என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும்போது மனசு அடங்கும், எந்தக் கஷ்டத்திலும் அடங்கியிருக்கிறது, லிங்கத்தின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அடங்கியது. நமச்சிவாய, நமச்சிவாய, கீல் தளர்ந்திருக்கும், நமச்சிவாய, கீல் தளர்ந்திருக்கும். நாக்கு அங்கே போய் மாட்டிக்கொண்டது. காலையில், முதல் நாலைந்து கல் பெயர்ந்த பிறகு, ஜைத்தூன் படி இறங்கி வந்தாள். முட்டாக்கு நழுவ நழுவ, கையில் பிள்ளையின் ஈரத்துணி. "அக்கா, எங்க ரூம் கதவு சட்டத்துல போய் முட்டுது. நேத்துவரைக்கும் நல்லாத்தான் மூடுச்சு. என்னமோ தெரியல." பழனியாண்டி சம்மட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். குழலி அவரைப் பார்க்கவில்லை. நேற்றுவரை மூடிய கதவு. கதவு தானாக வளருமா? சட்டம்தான் இறங்கியிருக்க வேண்டும். சட்டம் இறங்கினால் சுவர் இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவும் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது, வாய் அதற்குள் பேசிவிட்டது. "கீல் தளர்ந்திருக்கும் ஜைத்தூன். எண்ணெய் விட்டுப் பாரு." அதோடு விட்டிருக்கலாம். உள்ளே போய்க் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பொய்க்கு எண்ணெயும் கொடுத்தாள். "சத்தம் புள்ளையை எழுப்புதா?" என்று வேறு விசாரிப்பு. ஜைத்தூன் சிரித்தாள். "எழுப்பாமயா? ரிஸ்வானாதான் திட்டிக்கிட்டே தூளியாட்டுறா. பரவால்லக்கா, இடிங்க. ஒண்டியா கெடந்தீங்க, உங்க வீட்டுக்கும் ஆள் வருதுல்ல. எனக்கு இதுல சந்தோஷம்தான்." ஒண்டியா கெடந்தீங்க. அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே நடக்கிறது எனக்குக் கேட்கிற மாதிரி, இங்கே ஒன்றும் நடக்காதது அவளுக்குக் கேட்டிருக்கும். போன மாசம் பிரசவத்துக்கு முன்னால், மலைக்கோட்டைக்கு வேண்டிக்கொண்டேன், சுகப்பிரசவம் ஆனா வாழைத்தார் சாத்துறேன்னு என்று குழலி சொன்னதற்கு, உங்க சாமிகிட்டயும் சொல்லி வைங்கக்கா, ஒரு இடத்துக்கு ரெண்டு இடமா இருக்கட்டும் என்றவள். தார் சாத்தினேன். யாருக்காகச் சாத்தினேனோ அந்தப் பிள்ளையின் தரையைத்தான் இன்றைக்குக் கொத்துகிறார்கள்.

இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, முடிந்துவிடும், பழனியாண்டி மேலே இரும்பு உத்தரம் போட்டுவிடுவார் என்று லிங்கம் சொன்னான். இரும்பு எங்கே? இரும்பைக் காணோம். நாளைக்கு வரும்மா என்றார் பழனியாண்டி. நாளைக்கு வருகிற இரும்புக்காக இன்றைக்கு எது தாங்கும்? போய்ச் சொல்லிவிடலாம். படி ஏறினால் அவள் வீடு. சொன்னால் என்ன ஆகும்? ஜைத்தூன் வீட்டுக்காரர் கத்துவார், கனகசபை ஓடி வருவார், வேலை நிற்கும், எவனாவது ஆபீசில் போய் எழுதிக் கொடுப்பான், லிங்கத்துக்குத் தலைக்குனிவு. தலைக்குனிவை அவன் மன்னிக்க மாட்டான். அது அவன் அப்பா ரத்தம். "ஹாலைப் பெருசு பண்ணினா வந்துடறோம்மா. இல்லேன்னா யாமினி சொல்ற புது ஃபிளாட்டைத்தான் பாக்கணும்." சர்க்கரை போட்டுத்தான் சொன்னான். யாமினியும் நல்ல பெண், "அத்தை, நீங்க சமையல்கட்டுப் பக்கமே வர வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள். என் சமையல்கட்டு. பரவாயில்லை, எடுத்துக்கொள்ளட்டும். உள்ளறையும் போகட்டும், கட்டிலை ஹால் மூலையில் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னதும் நான்தானே. ஒரு அறையைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குகிறேன் என்று கணக்கு. கொடுத்தது என் அறை மட்டும் என்றா நினைத்தேன்? சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு யாரிடமாவது சாப்பிட வா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே கேட்டேன். அதற்கு இவ்வளவா? அவர் இருந்திருந்தால் இடிக்க விட்டிருக்க மாட்டார். ஏன், அவரே இடித்திருப்பார், அவரைப் பற்றித் தெரியாதா? எல்லாரும் ஒரே வார்ப்பு. செத்தவரை இழுக்காதே. கோபம் வந்தால் வரட்டும். நாற்பது வருஷம் கோபமே வராத பெண் என்று பேர் வாங்கி வைத்திருக்கிறேன், அந்தப் பேரை வைத்து எந்தச் சுவர் நிற்கும்? குழலி மாதிரி சாது உண்டா. சாது காலையில் எண்ணெய் கொடுத்தாள். மேலே தூளிச் சத்தம் நின்றது. பிள்ளை தூங்கிவிட்டது போல. காலடி மெதுவாக நடந்தது, ரிஸ்வானா எழுந்து வெளியே வருகிறாள். அடுத்து ஒரு இடி. கதவு. பிள்ளை தூங்கட்டும் என்று கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள், அது சட்டத்தில் முட்டுகிறது. இன்னொரு இடி, தோளைக் கொடுத்து. ஓட்டையின் மேல்விளிம்பிலிருந்து மணல் ஒரு கோடாக இறங்கியது. நின்றது. மேலே மூன்றாவது தடவை கதவைத் தள்ளினார்கள், மணல் மறுபடி இறங்கியது, இந்தத் தடவை நிற்கவில்லை, ஓட்டை விழுந்த டப்பாவிலிருந்து சர்க்கரை மாதிரி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. தாயுமானவா என்று கூப்பிட வாயெடுத்தாள். யாரை, எதற்கு? அவர் என்ன இறங்கி வந்து தோள் கொடுப்பாரா? கால் தானாகவே படியில் இருந்தது.

ஜைத்தூன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அறைவாசலில் அம்மாவும் பெண்ணும் நின்றிருந்தார்கள், ஜைத்தூன் கிண்ணத்தில் விரலை முக்கிக் கீலில் தடவிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. எண்ணெய் முக்காவாசி ஆச்சு, இது மசியவே மாட்டேங்குது." குழலிக்கு மூச்சு வாங்கியது. "கதவை விடு. தள்ளாதே. புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கீழே இறங்குங்க." ஏன்க்கா, என்னாச்சு? "கீல் இல்ல. நாங்கதான். எங்க சுவரு மேலதான் உன் ரூமு நிக்குது. பாதி இடிச்சாச்சு. மணல் கொட்டுது." ஜைத்தூன் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த கிண்ணத்தையும் குழலியையும் மாறி மாறிப் பார்த்தாள். "காலையிலயே தெரியுமாக்கா?" தெரியாது என்று சொல்ல இன்னும் ஒரு வழி இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது. "தெரியும்" என்றாள் குழலி. ஜைத்தூன் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், ரொம்ப மெதுவாக, தரைக்கு வலிக்கும் என்பது போல. ரிஸ்வானா தூளியிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு வந்தாள். வாசலில் குழலி நின்றதால் ஒதுங்க இடமில்லை. பெரியம்மா என்று நேற்றுவரை கூப்பிட்ட பெண், இன்றைக்குத் துப்பட்டாவை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவள் மேல் படாமல் தாண்டிப் போனாள். நான் கொடுத்து வைத்தது இவ்வளவுதான். பிள்ளை படிக்கட்டில் விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்த அழுகை ஒவ்வொரு தளமாக இறங்கி, கடைசியில் கீழே சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் போய் நின்றது. ஜைத்தூனும் அதன் பின்னாலேயே இறங்கிப் போனாள்.

தன் வீட்டுக்கு வந்தபோது பழனியாண்டி பல் குத்திக்கொண்டே சம்மட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். "வைங்க அதை." அவர் வைக்கவில்லை. "என்னம்மா?" "வேலை போதும். தளத்தைத் தாங்க முட்டுக் கொண்டாந்து குடுங்க. மேலே இறங்குது." அவர் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். மணலைப் பார்த்தார். பார்த்தது அவர் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் சொன்னார்: "தம்பி சொல்லட்டும்மா. அவர்தான வேலை குடுத்தாரு." வீடு என் பேரில் இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கே இன்றைக்குத்தான் வருகிறது. அவரே போனைப் போட்டு, மேல்வீட்டுக்காரர்கள் பிள்ளையோடு கீழே நிற்கிறது வரைக்கும் சொல்லி, அவளிடம் நீட்டினார். லிங்கத்தின் குரலுக்குப் பின்னால் ஆபீஸ் சிரித்துக்கொண்டிருந்தது. "என்னம்மா நீ? மேல போய் நீயேவா சொன்ன? நம்ம வீட்டுக்குள்ள நடக்கிறதை ஊர் பூரா தமுக்கடிப்பியா? உள்ள பண்ற வேலைக்கு ஒண்ணும் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது?" அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குரலில் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. சின்ன வயசில் பாத்திரத்தை உடைத்துவிட்டு உள்ளே வருவானே, அந்தக் குரல். அதைக் கேட்டதும் கை நீண்டது, சரிப்பா, சரிப்பா, ஒண்ணும் ஆகலை என்று தடவிக் கொடுக்க. எப்போதும் நீளுகிற கை. "ஒரு எஞ்சினியரைக் கூட்டிட்டு வா" என்றாள். "அவர் பாத்துச் சொல்லட்டும். கேக்க வேண்டிய இடத்துல கேளு. அதுவரைக்கும் யாரும் இதைத் தொட வேணாம்." "அதுக்குள்ள மாசக்கணக்கா ஆகும். சுவரை மறுபடி கட்டுன்னே சொல்லிடுவான். அப்புறம் அந்தப் புறாக்கூண்டுல நாங்க எப்படிம்மா வந்து இருக்கிறது?" எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ, அது வந்தேவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அது சின்ன வார்த்தைதான். அதற்குப் பதிலும் சின்னதுதான். "இருக்க வேணாம்" என்றாள். அந்தப் பக்கம் ஆபீஸ் மட்டும் சிரித்தது. லிங்கம் இருக்கிறானா, வைத்துவிட்டானா என்று தெரியவில்லை. காதிலிருந்து எடுக்கவும் மனசு வரவில்லை, இருந்தால் ஒருவேளை ஏதாவது சொல்வான். போனை முந்தானையால் துடைத்துப் பழனியாண்டியிடம் கொடுத்தாள். அவர் அதையும் அவளையும் பார்த்தார். "தம்பி என்னம்மா சொன்னாரு?"

"அவன் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன், முட்டுக் கொண்டாங்க."